பிவா ஏரியை மூன்று நாளில் சுற்றி வருவது எப்படி: முதல்முறை செல்வோருக்கு

கியோட்டோ நிலையத்தில் ரயில் ஏறிப் பத்து நிமிடத்தில் இறங்கினால், ஜப்பானின் மிகப் பெரிய ஏரியின் தென்முனையில் உள்ள ஓட்சு நகரம் வந்துவிடும். இவ்வளவு அருகில் இருப்பதாலேயே பலர் பிவா ஏரியைக் கியோட்டோ பயணத்தின் வாலாக ஒட்டவைத்து, ஒரு பிற்பகல் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 670 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் கரையும் உடைய ஒரு நீர்நிலையை அப்படிப் பார்த்தால் தண்ணீரைத் தவிர எதுவும் கண்ணில் படாது. மூன்று நாளும் இரண்டு இரவும் ஒதுக்கி, தெற்கில் தொடங்கி, கிழக்குக் கரை வழியாக வடக்கே ஏறி, படகில் குறுக்கே கடந்து, மேற்குக் கரை வழியாக இறங்கி வருவதே முதல்முறை செல்வோருக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து. இக்கட்டுரை அந்த இடஞ்சுழிப் பாதையைப் படிப்படியாகச் சொல்கிறது. எந்த ஊரில் என்ன சாப்பிடுவது என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்கிறது.

முதற்படி: இரண்டு ரயில் தடங்களை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

ஏரி முழுவதும் ஷிகா மாகாணத்துக்குள் இருக்கிறது. அம்மாகாணத்தின் ஆறில் ஒரு பங்கு இந்த ஏரிதான். தெற்கில் குறுகி வடக்கில் அகன்ற அதன் வடிவம் பிவா என்னும் நான்கு தந்தி இசைக்கருவியை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1964-இல் திறக்கப்பட்ட பிவா பெரும்பாலம் குறுகிய இடத்தில் ஏரியைக் கடக்கிறது. பாலத்துக்குத் தெற்கே உள்ள பகுதி ஆழமற்றது. வடக்கே உள்ள பகுதி அதிகபட்சம் 104 மீட்டர் ஆழம் கொண்டது. தெளிந்த நீரையும் அமைதியான ஊர்களையும் தேடுகிறவர்கள் வடக்கே போக வேண்டும்.

கியோட்டோவிலிருந்து ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வேயின் இரண்டு தடங்கள் பிரிகின்றன. கிழக்குக் கரையில் பிவாகோ தடம் ஓட்சு, கூசாட்சு, ஓமிஹாச்சிமான், ஹிகோனே, மாய்பாரா, நாகஹாமா என்று போகிறது. மேற்குக் கரையில் கோசெய் தடம் ஹியேசான் சாகாமோட்டோ, ஓமி தாகாஷிமா, ஓமி இமாசு, மாகினோ என்று போகிறது. இரண்டும் ஏரியின் வடமுனையில் ஓமி ஷியோட்சு என்னும் சிறு நிலையத்தில் சந்திக்கின்றன. ‘ஷின்காய்சோகு’ எனப்படும் சிறப்பு விரைவு ரயில்களுக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. சாதாரணப் பயணச்சீட்டு போதும். அவற்றில் கியோட்டோவிலிருந்து ஹிகோனேக்கு ஐம்பது நிமிடம், நாகஹாமாவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இக்கோகா போன்ற தொட்டுச் செல்லும் அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிலையத்திலும் சீட்டு எடுக்கும் தொல்லை இராது. டோக்கியோவிலிருந்து நேரே வருபவர்கள் மாய்பாராவில் இறங்கலாம். ஷிகாவில் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் நிற்கும் ஒரே நிலையம் அதுதான். ஆனால் அதன் மிக விரைவான வகையான நோசோமி வண்டி அங்கே நிற்காது. கோதாமா வண்டிகளும் சில ஹிகாரி வண்டிகளும் மட்டுமே நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கியோட்டோ பக்கத்திலிருந்து வரும் நீண்ட விரைவு ரயில்களில் சில, மாய்பாராவில் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. சில பெட்டிகள் மட்டுமே நாகஹாமா நோக்கிச் செல்லும், மற்றவை அங்கேயே நின்றுவிடும். இது தெரியாமல் வசதியான சன்னலோர இருக்கையைப் பார்த்து ஏறிய நான், மாய்பாரா நடைமேடையில் இறங்கி, ரயிலின் மறுபாதி நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ரயில் வந்து நாகஹாமா துறைக்கு ஓடிச் சேர்ந்தபோது படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறும் முன் பலகையில் சேருமிடத்தையும் பெட்டி எண்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் நடைமேடையில் நிற்பவரிடம் ‘நாகஹாமா?’ என்று ஒரு சொல் கேட்டாலே கையைக் காட்டி உரிய பெட்டிக்கு அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாம் படி: நாளையும் படகையும் உறுதிசெய்யுங்கள்

இப்பயணத்தில் மற்றவை எல்லாம் வளைந்துகொடுக்கும், படகு வளைந்துகொடுக்காது. நாகஹாமாவிலிருந்து சிக்குபு தீவுக்கும், தீவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள இமாசுவுக்கும் செல்லும் படகுகள் ஒரு நாளைக்குச் சில தடவையே ஓடுகின்றன. குளிர்காலத்தில் அவை இன்னும் குறையும். காற்று பலமாக இருந்தால் நிறுத்தப்படும். ஆகவே படகு அட்டவணையைப் பார்த்து மூன்றாம் நாளை முதலில் நிர்ணயித்துவிட்டு, மற்ற இரண்டு நாளையும் அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஏப்ரலின் முதல் பாதியும் நவம்பரும் சிறந்தவை. சகுரா மலர்கள் தெற்கில் ஏப்ரல் தொடக்கத்திலும், வடகரையின் காய்சு ஓசாகியில் அதற்கு ஒரு வாரம் கழித்தும் பூக்கும். ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்ட் நம் ஊர் மேமாதத்தை நினைவூட்டும் புழுக்கம். குளிர்காலத்தில் ஓட்சுவில் வெயில் அடிக்கும்போதே நாகஹாமாவில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஏரிக்குக் கிழக்கே நிற்கும் இபூக்கி மலையில் 1927 பிப்ரவரியில் 11.82 மீட்டர் பனி அளவிடப்பட்டது. உலகிலேயே அளந்து பதியப்பட்ட மிக ஆழமான பனி அதுவே.

முதல் இரவை ஓட்சுவிலும் இரண்டாம் இரவை நாகஹாமாவிலும் தங்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு கோட்டைப் படிகளும் தீவுப் படிகளும் ஏற முடியாது. அதை ஓட்சு விடுதியின் வரவேற்பிலேயே ‘தக்யூபின்’ என்னும் சுமை அனுப்பும் சேவையிடம் ஒப்படைத்து, பயணம் முடிந்தபின் தங்கப்போகும் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிடலாம். இரண்டு நாளுக்கு ஒரு முதுகுப்பை போதும்.

முதல் நாள்: ஓட்சு, சாகாமோட்டோ, ஹியே மலை

கியோட்டோவிலிருந்து ஓட்சுவுக்கு ஜே.ஆர். ரயிலில் போவது எளிது. ஆனால் யாமாஷினாவில் மாறி, கேய்ஹான் நிறுவனத்தின் கேய்ஷின் தடத்தில் போனால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. சுரங்க ரயில் பாதையிலிருந்து வெளிவரும் அதே நான்கு பெட்டி ரயில், மலைக்கணவாய் ஒன்றை முனகிக்கொண்டே ஏறி இறங்கி, கடைசியில் ஓட்சு நகரின் தெருவில் கார்களுக்கு நடுவே ஓடுகிறது. போக்குவரத்து விளக்குச் சிவப்பானால் ரயிலும் நிற்கிறது. பிவாகோ ஹமாஓட்சு நிலையத்தில் இறங்கினால் எதிரே ஏரி.

அங்கேயே வண்டி மாறிப் பதினைந்து நிமிடத்தில் சாகாமோட்டோ சேரலாம். மலையடிவாரத்தில் உள்ள இச்சிற்றூரில் சாந்து இல்லாமல் கரடுமுரடான கற்களையே அடுக்கிக் கட்டிய மதில்கள் தெருவெங்கும் நிற்கின்றன. ‘அனோ’ கல்தச்சர்கள் எனப்பட்ட இவ்வூர்க் கைவினைஞர்களைத்தான் அக்காலப் பிரபுக்கள் தங்கள் கோட்டைகளுக்கு அழைத்துச் சென்றார்கள். ஊரின் மேற்கோடியிலிருந்து 2,025 மீட்டர் நீளமுள்ள கேபிள் ரயில் மலைமேல் செல்கிறது. ஜப்பானில் இவ்வகையில் நீளமானது இதுவே. பதினோரு நிமிடப் பயணத்தில் ஏரி மெல்ல மெல்லக் கீழே விரியும். அதைக் காண, ஏறும்போது கீழ்ப்பக்கத்து முனையில் இடம் பிடியுங்கள்.

மேலே உள்ள என்ர்யாகுஜி, 788-இல் சாய்ச்சோ என்னும் துறவி நிறுவிய மடம். ஜப்பானியப் பௌத்தத்தின் பல பிரிவுகளைத் தொடங்கிய துறவிகள் இளமையில் இங்கே பயின்றவர்கள். 1571-இல் ஓதா நோபுநாகா என்னும் போர்ப் பிரபு இம்மலையைத் தீக்கிரையாக்கினார். இப்போது காண்பவற்றில் பெரும்பாலானவை பின்னர் எழுப்பப்பட்டவை. மடம் கிழக்கு, மேற்கு, யோகாவா என மூன்று பகுதிகளாக மலைமேல் சிதறிக் கிடக்கிறது. அரை நாளில் மூன்றையும் பார்க்க முயல வேண்டாம். கிழக்குப் பகுதி போதும். அங்குள்ள தலைமை மண்டபமான கொன்போன் சூதோவில் 2016-இல் தொடங்கிய பெரும் மராமத்துப் பணியின் சாரம் வெளியே நின்றாலும் தயங்காமல் உள்ளே செல்லுங்கள். வழிபடுவோர் அமரும் இடத்தைவிடக் கருவறைத் தரை ஏறத்தாழ மூன்று மீட்டர் தாழ்ந்து இருட்டாகக் கிடக்கிறது. அந்தப் பள்ளத்திலிருந்து உயர்ந்து நிற்கும் பீடத்தின் விளக்குகள், நாம் தரையில் உட்கார்ந்தால் சரியாக நம் கண்மட்டத்தில் எரிகின்றன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக எண்ணெய் வார்த்துக் காக்கப்படும் சுடர் என்று மடத்தார் சொல்கிறார்கள். ஜப்பானிய மொழியில் அசட்டையைக் குறிக்கும் ‘யுதான்’ என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து பிரித்தால் ‘எண்ணெய் அறுதல்’ என்று வரும். அதை இவ்விளக்கோடு சேர்த்துச் சொல்வதும் உண்டு.

சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு இப்பயணத்தின் சிறந்த சாப்பாடு இம்மலையில்தான் கிடைக்கும். மடத்து விடுதியில் பரிமாறப்படும் ‘ஷோஜின்’ உணவில் மீனோ இறைச்சியோ கிடையாது. சாறுகூடக் கொம்பு என்னும் கடற்பாசியிலும் காளானிலும் எடுக்கப்படுவது. எள்ளை அரைத்துக் கெட்டியாகக் கிளறிய எள் தோஃபுவும், சோயாப்பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை எடுத்துச் செய்யும் யூபாவும் நாக்குக்கு அந்நியமாக இரா. முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. இறங்கி வந்தபின் ஓட்சுவில் அசைவம் உண்பவர்கள், ஏரியிலிருந்து வெளியேறும் சேத்தா ஆற்றின் பெயரால் வழங்கும் சேத்தா ஷிஜிமி என்ற சிறு மட்டியை இட்டுச் சமைத்த சோற்றைத் தேடலாம். இஷியாமாதேரா கோயில் வாசலில் அது கிடைக்கும்.

இரண்டாம் நாள்: ஓமிஹாச்சிமான், ஹிகோனே, நாகஹாமா

காலை எட்டு மணிக்குள் புறப்பட்டு முதலில் ஓமிஹாச்சிமானில் இறங்குங்கள். பழைய ஊர் நிலையத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பேருந்து உண்டு. 1585-இல் தொயோதோமி ஹிதேட்சுகு என்னும் பிரபு இங்கே கோட்டை கட்டியபோது வெட்டிய கால்வாயின் இரு புறமும் வணிகர்களின் வெள்ளைச் சுவர்க் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. ஏரியில் போகும் சரக்குப் படகுகள் எல்லாம் இக்கால்வாய்க்குள் வந்து போக வேண்டும் என்று விதி செய்ததால் ஊர் செழித்தது. ‘ஓமி வணிகர்’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அதே கால்வாய் சென்ற நூற்றாண்டில் சேறும் கொசுவுமாக நாறிப்போய், தூர்த்துவிடலாம் என்ற முடிவுக்கு அரசு வந்தபோது, ஊர்க்காரர்கள் இறங்கித் தூர்வாரி மீட்டார்கள். கால்வாய்க் கரையில் அரை மணி நேரம் நடந்தாலே போதும். நேரம் இருந்தால், நாணல் காட்டுக்குள் துடுப்பால் தள்ளிச் செல்லும் படகில் ஒருமுறை போய்வரலாம்.

இவ்வூரின் உணவு விசித்திரம், செங்கல் நிறத்தில் இருக்கும் சிவப்புக் கொன்யாக்கு. வேறெங்கும் சாம்பல் நிறத்தில் இருக்கும் கொன்யாக்கு இங்கே மட்டும் இரும்பு ஆக்ஸைடு சேர்த்துச் சிவப்பாக்கப்படுகிறது. பகட்டில் விருப்பமுள்ள நோபுநாகாவுக்காகச் சிவப்பாக்கினார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். பலர் முதல்முறை பார்க்கும்போது ஈரலென்றே நினைக்கிறார்கள். அது ஒரு கிழங்கின் மாவு. நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவுச் செடியிலிருந்து எடுப்பது. ஆயினும் அதை வேகவைக்கும் சாறு பெரும்பாலும் மீன் சாறாகவே இருக்கும் என்பதைச் சைவர்கள் நினைவில் வைக்க வேண்டும். மூங்கில் மடலில் சுற்றி ஆவியில் வேகவைத்த ‘தேச்சி யோகான்’ என்ற காராமணிபோன்ற சிவப்புப் பயற்று இனிப்பு அந்தக் கவலை இல்லாதது. கடைப் பையன்கள் ஊருக்குப் போய்வரும்போது வாங்கிச்சென்ற மலிவுப் பலகாரம் என்பதால் ‘பையன் யோகான்’ என்று அதற்குப் பெயர். மடலைப் பிரித்தால் நம் கொழுக்கட்டை ஆவியில் வெந்த இலை வாசனை வரும்.

அடுத்து ஹிகோனே. நிலையத்திலிருந்து கோட்டைக்குப் பதினைந்து நிமிட நடை. ஜப்பானில் பழைய மரக் கட்டுமானத்தோடு எஞ்சிய கோட்டைக் கோபுரங்கள் பன்னிரண்டு. அவற்றுள் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை ஐந்து. ஹிகோனே அவ்வைந்தில் ஒன்று. இவ்வூரை ஆண்ட ‘ஈ’ என்னும் பிரபு குலத்தார் 1622-இல் கட்டி முடித்த இக்கோட்டைக்கு ஏறும் கற்படிகள் வேண்டுமென்றே ஒழுங்கற்ற உயரத்தில் அமைக்கப்பட்டவை. ஓடிவரும் பகைவன் காலடியைக் கவனித்தே ஏற வேண்டும் என்பது திட்டம். உள்ளே மரப் படிக்கட்டு ஏறக்குறைய ஏணி. வாசலில் காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். வழுக்காத காலுறை அணிந்து வாருங்கள், புடவை வேண்டாம். மேல்தளச் சன்னலில் ஏரி தெரியும். சிவப்புத் தலைக்கவசம் தரித்த ஹிகோன்யான் என்ற வெள்ளைப் பூனைச் சின்னம் நாள்தோறும் குறித்த நேரத்தில் கோட்டையில் தோன்றும். குழந்தைகளோடு போனால் அந்நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.

மதிய உணவுக்கு இங்கே இரண்டு வழிகள். மாட்டிறைச்சி உண்பவர்களுக்கு ஓமி மாட்டிறைச்சி உண்டு. இறைச்சி உண்பதை நாடே தவிர்த்துவந்த ‘எதோ’ ஆட்சிக் காலத்தில் (1603–1868) ஹிகோனே ஆட்சியாளர்கள் மாட்டிறைச்சியை மிசோ என்னும் சோயா விழுதில் பதப்படுத்தி, ‘மருந்து’ என்ற பெயரில், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கு அனுப்பிவந்தார்கள். இன்று அது விலையுயர்ந்த பண்டம். இரவில் உண்பதைவிட மதியத் தொகுப்பு உணவாக உண்டால் பணம் மிஞ்சும். மாடு உண்ணாதவர்கள் ‘கியூநிகு’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிகாவில் குரோக்கே என்னும் உருளைக்கிழங்கு வடைக்குள்ளும் ரொட்டிக்குள்ளும்கூட அது புகுந்திருக்கும். இன்னொன்று, முட்டைக்கோசும் முளைப்பயிறும் குவித்துவரும் ஓமி சாம்போன் நூடுல்ஸ். பாதி உண்டபின் காடி ஊற்றிக்கொள்வது இங்குள்ள வழக்கம். சாறும் இறைச்சியும் இருப்பதால் அதுவும் அசைவமே.

மாலை நாலு மணிக்குள் நாகஹாமா சேர்ந்துவிடுங்கள். 1900-இல் கட்டிய கறுப்புச் சுவர் வங்கிக் கட்டடத்தை மையமாகக் கொண்ட குரோகாபே கண்ணாடிக் கடைகள் ஐந்து மணிக்கே கதவடைக்கத் தொடங்கிவிடும். இவ்வூர் உணவில் எனக்கு மிகவும் பிடித்தது, சுட்ட கானாங்கெளுத்தி மீனை இனிப்பும் சோயாவும் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றிலேயே மெல்லிய சோமென் நூடுல்ஸ் இழைகளை வேகவைக்கும் சாபா சோமென். கடல் இல்லாத ஊரில் கடல் மீன் எப்படி என்று கேட்டால், ஜப்பான் கடற்கரையின் வாகாசாவிலிருந்து மலைவழியாக வந்தது என்பார்கள். மே மாத நடவுக் காலத்தில், உழவர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குத் தாய்வீட்டார் சுட்ட மீன் அனுப்பும் வழக்கம் இங்கே இருந்தது. சமைக்க நேரமில்லாத நாளில் மகள் அதைக் கொண்டு இதைச் செய்தாள். தாய்வீட்டுச் சீர் என்று நாம் சொல்வது வேறென்ன?

ஃபுனாசுஷியைச் சந்திக்கும் முறை

நாகஹாமா இரவில் செய்ய வேண்டிய இன்னொரு காரியம் ஃபுனாசுஷி. சுஷி என்றதும் உலகம் நினைக்கும் பச்சை மீன் உருண்டைக்கு இது பாட்டன். ஏரிக்கே உரிய நிகோரோபுனா என்ற கெண்டை இன மீனை, சினையோடு இருக்கும் வசந்தத்தில் பிடித்து, சினை கலையாமல் செவுள் வழியாகக் குடலை நீக்கி, உப்பில் சில மாதம் வைப்பார்கள். கோடையின் உச்சத்தில் உப்பைக் கழுவி, வடித்த சோற்றோடு அடுக்கடுக்காகத் தொட்டியில் அமுக்கிப் பாரம் ஏற்றி, புத்தாண்டுவரை புளிக்கவிடுவார்கள். நம் பழைய சோற்றைப் புளிக்கவைக்கும் அதே வகை நுண்ணுயிர்களே இங்கும் வேலை செய்கின்றன.

தட்டில் வருவது மெல்லிய ஐந்தாறு துண்டுகள்: ஓரத்தில் வெளிர்ந்த சதை, நடுவில் ஆரஞ்சு நிறச் சினை, சுற்றிலும் கரைந்துபோன சோறு. மணம் முதலில் ஆளைப் பின்னால் தள்ளும். முதிர்ந்த பாலாடைக்கட்டியோடு அதை ஒப்பிடுவோர் பலர். அதற்கு அஞ்சாமல் ஒரு துண்டை வாயில் வைத்தால் எலும்புகூட மென்மையாகிப்போய், நாக்கின் இரு ஓரமும் கூசும் புளிப்பும் பின்னால் நெடுநேரம் நிற்கும் உப்புச் சுவையும் தெரியும். முதல்முறை உண்பவர்கள் முழு மீன் வாங்க வேண்டாம். அது பல ஆயிரம் யென் ஆகும். மதுக்கூடத்தில் ஒரு சிறு தட்டு கேளுங்கள். மணம் தாங்கவில்லை என்றால், மிச்சத் துண்டுகளைச் சூடான சோற்றின்மேல் வைத்துக் கொதிக்கும் தேநீர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். புளிப்பு இளகி, மிளகு போடாத ரசம் சோற்றைப்போல இறங்கும்.

இவ்வளவு விலை ஏன் என்பதற்கும் ஏரியே காரணம். முட்டையிடும் நாணல் கரைகள் சுருங்கியதாலும், வெளிநாட்டு மீன்களான பாஸும் ப்ளூகில்லும் பெருகியதாலும் நிகோரோபுனா அரிதாகிவிட்டது. ப்ளூகில்லை 1960-இல் அமெரிக்காவிலிருந்து அன்பளிப்பாகப் பெற்றுவந்தவர் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிதோ. பேரரசரான பின், 2007-இல் ஓட்சுவில் பேசியபோது அதற்காக அவர் வெளிப்படையாக வருந்தினார். தூண்டில் போட ஆசைப்படுபவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: இவ்விரு மீன்களையும் பிடித்தபின் மீண்டும் ஏரியில் விட ஷிகாவில் தடை உள்ளது.

புளிப்பு வேண்டாதவர்களுக்குப் பிவாமாசு என்ற ஏரி ட்ரௌட் கோடையில் பச்சைத் துண்டுகளாகக் கிடைக்கும். சோயாவும் சிற்றிறாலும் சேர்த்து இனிப்பாக வேகவைத்த எபிமாமே எல்லாப் பருவத்திலும் கிடைக்கும்.

சைவர்களுக்குத் தனியே ஒரு சொல்

இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் மீன் சாற்றில் வெந்த காய் வரும். கட்சுவோ என்ற காய்ந்த மீனிலிருந்து எடுக்கும் ‘தாஷி’ சாறு சூப், சாஸ், ஊறுகாய் எதையும் விட்டுவைப்பதில்லை. இதைக் கடைக்காரர்கள் பலர் அசைவமாகவே எண்ணுவதில்லை. ‘இறைச்சி, மீன், கட்சுவோ தாஷி மூன்றும் உண்ண மாட்டேன்’ என்று ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதிவாங்கி, உட்காரும் முன்பே காட்டுங்கள். முடியாவிட்டால் பணிவோடு சொல்லிவிடுவார்கள், அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. ஓட்சு, கூசாட்சு போன்ற நகரங்களில் நேபாளிகள் நடத்தும் இந்திய உணவகங்கள் கைகொடுக்கும். முட்டை உண்பவர்களுக்கு, நாகஹாமாவுக்கு வடக்கே கினோமோட்டோவில் பிறந்த ‘சாலட் பன்’ ஒரு நல்ல துணை: நீள ரொட்டிக்குள் பொடியாக நறுக்கிய மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும் மயோனெய்ஸும். கேட்கும்போது சிரிப்பு வரும். கடிக்கும்போது நறுக்கென்று நன்றாகவே இருக்கும். உணவகங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு மூடி மாலையில்தான் திறக்கும் என்பதால், இத்தகைய ஒன்றிரண்டைப் பையில் வைத்திருங்கள். சிறு கடைகளுக்குக் கையில் ரொக்கமும் வேண்டும்.

மூன்றாம் நாள்: தீவு, ஊற்று, மேற்குக் கரை

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் நாகஹாமா துறை. முதல் படகைப் பிடியுங்கள். சீட்டு வாங்கும்போது ‘சிக்குபுஷிமா வழியாக இமாசு’ என்று சொல்லிக் குறுக்குப் பயணச்சீட்டாகக் கேளுங்கள். அரை மணியில் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவே உள்ள பாறைத் தீவு வந்துவிடும். குடியிருப்பவர் யாரும் இல்லை. கோயில்காரர்களும் கடைக்காரர்களும் காலையில் படகில் வந்து மாலையில் திரும்புகிறார்கள்.

துறையிலிருந்து செங்குத்தாக 165 படிகள். மேலே ஹோகோன்ஜி கோயிலில் இருப்பவள் பென்சாய்தென், அதாவது நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பான் சேர்ந்தபோது வீணைக்குப் பதில் அவள் கைக்கு வந்தது பிவா. நீரின் தெய்வமாகவே தொடர்ந்ததால் தீவுகளிலும் குளக்கரைகளிலும் கோயில் கொண்டாள். ஜப்பானின் மூன்று பெரிய பென்சாய்தென் தலங்களில் இது ஒன்று. 724-இல் நிறுவப்பட்டதாகக் கோயில் மரபு. மூலச்சிலை 60 ஆண்டுகளுக்கு ஒருமுறையே திறந்து காட்டப்படும். பக்தர்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சிறு பொம்மைக்குள் சுருட்டிவைத்துச் சன்னிதியில் விட்டுச் செல்வதால், அங்கே வண்ணப் பொம்மைகள் வரிசை வரிசையாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கீழே இறங்கும் வழியில் ட்சுகுபுசுமா ஆலயத்தின் எதிரே, ஏரியை நோக்கிய ஒரு மேடை. அங்கே இரண்டு மண் தட்டுகள் வாங்கி, ஒன்றில் பெயரும் மற்றதில் வேண்டுதலும் எழுதி, பாறை விளிம்பில் நிற்கும் தோரி வாயிலுக்குள் போகும்படி வீச வேண்டும். நம் அகல் விளக்கைத் தட்டையாக்கியது போன்ற அத்தட்டு காற்றில் எதிர்பாராத பக்கம் திரும்பும். வாயிலைச் சுற்றி உடைந்த ஓடுகள் வெள்ளை மேடாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் எத்தனை பேர் குறி தவறியிருக்கிறார்கள் என்பது விளங்கும். படகு நிற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. திரும்பும் சங்கு ஊதும் முன் படிகளில் இறங்கிவிடுங்கள்.

இமாசுவில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ரயில் நிலையம். இங்கிருந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கே மாகினோவில் 2.4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 500 மெட்டாசெகோயா மரங்கள் சாலையின் இரு புறமும் அணிவகுத்து நிற்கின்றன. நவம்பர் இறுதியில் செம்பழுப்பாகும்போது கூட்டம் அலைமோதும். மற்ற மாதங்களில் நான் தெற்கே, அடுத்த நிலையமான ஷின் ஆசாஹிக்கு அருகில் உள்ள ஹாரியே சிற்றூரைத்தான் சொல்வேன்.

ஹாரியேயில் வீட்டுக்கு வீடு நிலத்தடி ஊற்று பொங்குகிறது. ‘கபாத்தா’ எனப்படும் சமையற்கட்டுத் தொட்டியில், ஊற்றிலிருந்து வரும் நீர் முதலில் ஒரு சிறு குடுவைக் குளத்தில் நிரம்புகிறது. குடிக்கவும் வெள்ளரிக்காயைக் குளிரவைக்கவும் அது. வழிந்த நீர் வெளித்தொட்டிக்குப் போகிறது. அங்கே கெண்டை மீன்கள். எச்சில் பாத்திரத்தை அதில் அமிழ்த்தினால் ஒட்டியிருக்கும் பருக்கைகளை மீன்கள் கொத்தித் தின்றுவிடும். பிறகு நீர் தெருவோரக் கால்வாய் வழியாக ஏரியைச் சேர்கிறது. கீழ்வீட்டாருக்கும் அதே நீர்தான் என்பதால் மேல்வீட்டார் அதை அழுக்காக்குவதில்லை. கோடையிலும் விரல் விறைக்கும் அந்நீரை வழிகாட்டி மூங்கில் குவளையில் மொண்டு தருவார். இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். ஊராரின் தொண்டர் குழுவிடம் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டுமே செல்ல வேண்டும்.

ஏரி நீருக்குள் நிற்கும் ஷிராஹிகே ஆலயத்தின் செந்நிறத் தோரியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஓமி தாகாஷிமா நிலையத்திலிருந்து நாற்பது நிமிட நடை அல்லது ஐந்து நிமிட டாக்சி. ஆலயத்துக்கும் ஏரிக்கும் நடுவே 161-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போகிறது. படத்துக்காகக் குறுக்கே ஓடியவர்கள் விபத்துக்கு ஆளாகியிருக்கிறார்கள். வளாகத்துக்குள்ளேயே பார்வைமேடை ஒன்று இருக்கிறது, அதிலிருந்தே பாருங்கள்.

திரும்பும் கோசெய் தடத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஹிரா மலையிலிருந்து இறங்கும் பெருங்காற்று வீசினால் ரயில்கள் மெதுவாகும், அல்லது நிறுத்தப்படும். வசந்தத்தின் தொடக்கத்திலும் குளிர்காலத்திலும் இது அடிக்கடி நடக்கும். அன்று மாலையே விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இந்நாளைக் கடைசி நாளாக வைக்க வேண்டாம். காலையிலேயே காற்று பலமென்று தெரிந்தால் இமாசுவுக்குக் கடக்காமல், நாகஹாமாவிலிருந்தே கிழக்குத் தடத்தில் கியோட்டோ திரும்பிவிடுங்கள்.

காற்று இல்லாத நாளில், தெற்கு நோக்கிச் செல்லும் ரயிலில் இடப்பக்கச் சன்னலில் அமருங்கள். உயரமான பாலத்தின்மேல் ஓடும் இத்தடத்தில் ஓமி மாய்கோவின் வெண்மணலும், அப்பால் மறுகரையும், பிறகு பிவா பெரும்பாலமும் தெரியும். ஓட்சுக்யோ நிலையம் தாண்டியதும் சுரங்கம் வந்துவிடும். அதன் மறுபுறம் யாமாஷினா, அடுத்தது கியோட்டோ. ஃபுனாசுஷிப் பொட்டலம் வாங்கியிருந்தால் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைத்திருங்கள். மாலை ரயிலில் கூட்டம் அதிகம்.